பதினோராம் நிரை

வெற்றிலைச் சுண்ணாம்பின் வாசமும் ஸ்பிரிட்டின் வாசமும் ஒரே மூச்சில் உள்ளே ஏறினால் எனக்கு நிற்க முடியாது. கால் தானாக ஓடப் பார்க்கும். போன வாரம் ஹட்டன் கடைத்தெருவில் அப்படித்தான் ஆனது. நான் பாக்கு வாங்கும் கடைக்கார நானா கைக்குச் சானிட்டைசர் தேய்த்துக்கொண்டே சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான். பஸ் ஹோர்ன், மழைத் தூறல், மீன் லொறிக்காரனின் கூவல் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. கடைப் பலகையை எட்டிப் பிடித்தேன். பிரஷரா மிஸி என்று நானா ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிரஷர் இல்லை நானா, ஞாபகம் என்றேன். அதுக்கும் ஒரு குளிசை போட்டுக்கங்க என்றார்.

அதற்குக் குளிசை இல்லை. எழுத்துத்தான் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் தோட்ட ஆஸ்பத்திரித் தாதி வேலையை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் வழியில் மறித்து, ஒங்க சர்வீஸில் மறக்க முடியாத கேஸ் எது மிஸி என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அலுமாரி நிறைய மருந்து இருக்கிறது. தொலைபேசியில் நாலு இலக்கத்தை அழுத்தினால் மலை ஏறி அம்புலன்ஸ் வருகிறது. சந்தோஷம். ஆனாலும் நான் செய்த பிழையைச் செய்ய அலுமாரி தேவையில்லை, கண் இருந்தால் போதும். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டியில் ஒன்றரை வருஷம். வெள்ளைச் சப்பாத்து, சிங்களத்தில் பாடம், தமிழில் அழுகை. பிறகு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஏறிப் போகிற எங்கள் தோட்டம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம், எட்டுக் கட்டில், ஒரு ஒக்சிஜன் சிலிண்டர், ஒரு மருந்து அலுமாரி, அந்த அலுமாரியின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்ட அருளப்பன் ஐயா.

ஐயா தோட்ட வைத்திய உதவியாளர். டொக்டர் பட்டம் இல்லை. ஆனால் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனத்துக்கு அவர்தான் டொக்டர் ஐயா. மழையோ வெயிலோ கழுத்தில் டை இருக்கும். குரல் உயராது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தட்டில் ஊசியும் பஞ்சும் ஏந்திக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். ஐயா என்னை நிறுத்தினார். திரும்பப் போய் வாசலிலிருந்து நடந்து வரச் சொன்னார். நோயாளி வலியில் முனகிக்கொண்டிருக்க, நான் கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தேன். "ஓடுறவ கையில மருந்து ஒடையும் சரோஜா. நட" என்றார். இருபத்தெட்டு வருஷம் நடந்தேன்.

இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. மலையிலிருந்து யார் காயம் பட்டு வந்தாலும் பேரைக் கேட்க மாட்டார். "எத்தனாவது நெரை?" என்றுதான் கேட்பார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டும்போதே கங்காணி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தேயிலை நிரையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அந்த மலையில் கொழுந்து எடுத்து முடியும்வரை அந்த நிரை அவளுடையது. அடுத்தவள் அதில் கை வைத்தால் சண்டை. எங்கள் தோட்டத்தில் லெட்சுமி மட்டுமே பதினான்கு பேர். "பேரு ஒத்துப் போகும், நெரை ஒத்துப் போகாது" என்பார் ஐயா. பெரிய பதிவுப் புத்தகத்தில் நிரை எண், மலை, கங்காணி சொல்லும் பேர், என்ன நோவு, என்ன மருந்து, எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதி முடித்த பிறகுதான் மூடுவார். எனக்கு அது எரிச்சல். ரத்தம் ஒழுகும்போது என்ன நிரை வேண்டிக் கிடக்கிறது என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் கனடாவிலிருந்து இரண்டு பேர் ஒரு வாரக் கண் முகாமுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சம்பளம் இல்லாமல், சொந்த லீவில். ஒருவர் டொக்டர் மயூரி. அப்பா அம்மா யாழ்ப்பாணம், அவர் வளர்ந்தது பனியில். கண் வைத்தியர். மற்றவர் பீட்டர், ஆறடிக்கு மேல், செம்பட்டைத் தாடி, தாதி வேலை. ஆம்பள மிஸியா என்று கொழுந்துப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டார்கள். மயூரி வாயைத் திறந்து "என்ன செய்யுது அம்மா, எங்கை நோகுது?" என்று கேட்டபோது அந்தச் சிரிப்பு வெளியே வந்தது. ரேடியோவில பேசுற மாதிரியே இருக்கு என்றாள் ஒருத்தி.

வந்த அன்றே ஒரு சங்கடம். பெண்கள் மாலை போட்டு, தட்டில் கச்சான் அல்வா நீட்டினார்கள். கச்சான் என்பது நிலக்கடலை. பீட்டர் பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் பாய்ந்தார். தட்டை ஏந்தியிருந்தவள் சிவபாக்கியம். ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி, நாக்கு கொஞ்சம் நீளம். அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. நம்ம கை தொட்டது ஆகாதாம் என்று தட்டை இறக்கி வைத்தாள்.

பீட்டர் தவித்துப் போய் இடுப்புப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பேனா மாதிரி இரண்டு ஊசிகள். கச்சான் ஒரு பருக்கை வயிற்றுக்குள் போனாலும் அவருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடுமாம். அப்படி நடந்தால் தொடையில் குத்திக்கொள்வதற்காக எப்போதும் கூடவே வைத்திருக்கிறாராம். ஐயா ஒன்றை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, லேபலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். "நம்ம அலுமாரியில இருக்கிற அட்ரினலின்தான். இது கோட் போட்டிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் சிவபாக்கியத்துக்கு விளக்கிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "இந்த ஒசரத்து ஆள ஒரு கச்சான் கொல்லுமா மிஸி? கத விடாதீங்க" என்றாள்.

மூன்றாம் நாள். மலை அழகாகத்தான் விழித்தது. பனி விலகி, வெயில் இலைமேல் எண்ணெய் தடவின மாதிரி விழுந்து, காற்றுக்கூட இல்லை. அதுதான் மலையின் வஞ்சகம். வெளி வராந்தாவில் கண் முகாமுக்கு வந்த வயசாளிகள் வரிசையில் நிற்க, மயூரி ஒருத்தரின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். மேல் மலையில் ஆலை மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு அலறல். ஒருத்தி அலறினால் தனிக் குரல். இருபது பேர் அலறினால் அது மலையே அலறுவது.

கருப்பந்தைலம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தில் தொங்கிய குளவிக் கூட்டைப் பருந்து கொத்திக் கலைத்துவிட்டது.

வந்தார்கள். கூடையை எறிந்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு, சறுக்கி, விழுந்து, ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு நிரை, இருபத்திரண்டு பெண்கள். கங்காணி இருவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார், அவருடைய ஒரு காது தோசை மாதிரி வீங்கியிருந்தது. எல்லார் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைப் பொட்டுகள். வெற்றிலை போடுகிறவர்கள் அல்லவா, மடியில் எப்போதும் சுண்ணாம்பு உண்டு. குளவி கொட்டினால் கொட்டின இடத்தில் உடனே சுண்ணாம்பு வைப்பது மலையில் வழக்கம். ஓடிவரும்போதே ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிட்டார்கள். நாங்கள் அந்தப் பொட்டுகள்மேல் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் துடைக்கத் தொடங்கினோம். அந்த இரண்டு வாசமும் அன்றைக்குத்தான் எனக்குள் கல்யாணம் கட்டிக்கொண்டன.

மயூரி கண் பார்க்கும் வெளிச்சத்தை அணைத்தார். "நான் கண் டொக்டர் ஐயா. இருபது வருஷமாக் கண்ணைத் தவிர வேறை ஒண்டும் பாக்கேல்லை."

"கண்ணு இருக்கிற ஒடம்புதானே டொக்டர்? வாங்க" என்றார் ஐயா. அலுமாரியைத் திறந்தார். நான்கு குப்பி அட்ரினலின். நாங்கள் வைத்திருந்தது அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்த அழகை நான் எப்படிச் சொல்வேன்! வார்த்தை குறைவு, கை அதிகம். பீட்டர் ஒருத்தியின் நாடியைப் பிடித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஐயா குப்பியின் கழுத்தை ஒடிப்பார். மயூரி தொடையில் ஊசி போடுவார். மூச்சு விசிலடித்தவள், நாக்கு வீங்கினவள், வாந்தியெடுத்துச் சரிந்தவள், பேச்சு குழறினவள். நாலு பேர், நாலு குப்பி. காலை உயர்த்திப் படுக்க வைத்தோம். இருக்கிற ஒரே சிலிண்டர் இரண்டு கட்டிலுக்கு நடுவில் மாறி மாறிப் போனது. கொழுந்து லொறியைக் கொண்டுவர ஆள் போயிருந்தது. வார்டு முழுக்க ஒரே உஷ்ணம், ஒரே வேகம், பயத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உயிரோடு இருந்ததில்லை.

வாசலில் நின்று ஆட்களைப் பிரித்து அனுப்பும் வேலை என்னுடையது. இங்கேதான் என் பிழை.

நான் பொட்டுகளை எண்ணினேன். முகம் நிறைய வெள்ளைப் பொட்டு இருந்தால் உள்ளே. நாலைந்து இருந்தால் வராந்தா. சுண்ணாம்பு எனக்குக் கணக்குப் பார்த்து வைத்திருந்தது, நான் வாசித்தேன், அவ்வளவு சுலபம். சிவபாக்கியம் என் முன்னால் வந்து நின்றபோது காதுக்குக் கீழே ஒரே ஒரு பொட்டு. கண்ணூறு படாமல் இருக்க வைத்த மாதிரி ஒன்று.

"மிஸி, உள்ளங்கால் அரிக்குது" என்றாள்.

ஒண்ணுதானே, வெளியில் உட்காரு என்றேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு நின்றாள். புள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரமாச்சு, போய்க் கொடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டாள். கைக்குழந்தைக்காரிகள் அந்த நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது தினசரிப் பழக்கம். போயிட்டு வா என்று நானே தலையாட்டினேன். என் பின்னால் ஒருத்தி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிவிட்டேன்.

நாலாவது ஊசி போட்டு முடிந்ததும் ஐயா கையைக் கழுவினார். மேசைக்குப் போனார். பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. பீட்டர்கூட மயூரியைப் பார்த்து என்ன இது என்பதுபோலக் கையை விரித்தார். ஐயா கங்காணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, நிரை வாசிக்கத் தொடங்கினார்.

ஒண்ணு. கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ரெண்டு. வராந்தாவில் ஒரு முனகல். மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொன்றையும் எழுதினார். பத்து. இருக்கேங்க. பதினொண்ணு.

சத்தம் இல்லை.

"பதினொண்ணு?"

கங்காணி வீங்கிய காதைப் பொத்திக்கொண்டே சிவபாக்கியம் என்றார். நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கு ஒண்ணுதான் ஐயா கொட்டியிருக்கு. பால் குடுக்கப் போயிருக்கா."

ஐயா பேனாவை அப்படியே நிறுத்திவிட்டுப் பக்கங்களைப் பின்னால் தள்ளினார். போன வருஷம். கீழ் மலை. ஆறாம் நிரை. சிவபாக்கியம். குளவி, ஒன்று. உடம்பெல்லாம் தடிப்பு, ஊசி போட்டு ஆறியது. அவருடைய சொந்த முத்தெழுத்து. முதல் தடவை கொட்டினதற்கே உடம்பு அவ்வளவு கோபித்திருந்தால், இரண்டாம் தடவை எண்ணிக்கை பார்க்காது, உள்ளங்கால் அரிப்பில்தான் தொடங்கும். இது நான் கண்டியில் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினது.

ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஓடு சரோஜா."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரே தடவை. நான் ஓடினேன். வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கும் கல்படிகளில் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக இறங்கினேன். பின்னால் பீட்டரின் பெரிய பூட்ஸ் சத்தம், அதற்குப் பின்னால் மயூரி.

உள்ளே குழந்தைகள் துணித் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தன. சிவபாக்கியம் சுவரில் சாய்ந்திருந்தாள். குழந்தை மார்பில். அவள் உதடு ஈரல் நிறத்தில் இருந்தது. மூச்சு ஓலைக்குள் காற்றுப் போகிற மாதிரி இழுத்தது. காம்பரா ஆயம்மா தண்ணீர் கொடுப்பதற்காக அவளை எழுப்பி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், எழுப்பாதீங்க என்று நான் கத்தியதில் எட்டுத் தொட்டிலும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின.

பீட்டர் அவளைத் தரையில் படுக்க வைத்தார். நான் குழந்தையைப் பிரித்து ஆயம்மா கையில் கொடுத்துவிட்டு, பால்மா டின் இரண்டை அடுக்கி அவள் காலைத் தூக்கி வைத்தேன். மணிக்கட்டில் நாடியைத் தேடினேன். இல்லை. மயூரி என் முகத்தைப் பார்த்தார். அட்ரினலின்? நாலும் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தெரியும்.

பீட்டரின் கை அதற்கு முன்பே இடுப்புப் பைக்குப் போயிருந்தது.

மயூரி ஆங்கிலத்தில் கேட்டார், உனக்கு? பீட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்ன பதில் எனக்கு விளங்கியது. நான் கச்சான் தின்னப் போறதில்லை.

படங்கை விலக்கி, சேலைக்கு மேலாகவே தொடையில் அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம். எண்ணினார். எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஓர் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தோம். மயூரியின் கண் அந்த உதட்டை விட்டு அசையவில்லை. கண் டொக்டரின் பார்வை அன்றைக்கு அதற்குத்தான் உதவியது. "வருது, சிவப்பு வருது" என்றார். வந்தது. சிவபாக்கியம் கண்ணைத் திறந்து குழந்தையைத் தேடினாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

மயூரி மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடியும் விசில். மறுபடியும் உதடு ஈரலாக மாறியது. என் விரலுக்குக் கீழே அப்போதுதான் கிடைத்திருந்த நாடி, கையை விட்டு நழுவுகிற மீன் மாதிரி போய்விட்டது. ஒரு பேனா மிச்சம். பீட்டருக்கென்று மிச்சம் இருந்த ஒரே பேனா. அவர் மயூரியைக்கூடப் பார்க்கவில்லை. மற்றத் தொடையில் வைத்தார். டிக்.

அப்போது வாசலில் ஐயா தெரிந்தார். நடந்துதான் வந்தார். ஒரு கையில் சேலைன் போத்தல், பின்னால் இரண்டு ஆட்கள் சிலிண்டரைக் கட்டில் மாதிரிச் சுமந்துகொண்டு. மயூரி நரம்பைத் தேடிப் பிடித்தார். ஐயா போத்தலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். டை ஒரு பக்கம் சரிய, அந்த மெல்லிய மனுஷர் கையை இறக்கவே இல்லை. முதலில் நூல் மாதிரி, பிறகு கயிறு மாதிரி, நாடி என் விரலுக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை போகவில்லை.

கொழுந்து லொறியில் மெத்தை விரித்து அவளையும் மற்ற நாலு பேரையும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பீட்டரும் லொறியில் ஏறி, வளைவுக்கு வளைவு சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு போனார். ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

அன்று பின்னேரம் ஐயாவிடம் போய், நான்தான் அவளை அனுப்பினேன் என்றேன். பொட்டை எண்ணினேன் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். "அத அப்படியே எழுது. எண்ணினேன்னு எழுது. நாளைக்கு வாறவ எண்ணாம இருப்பா." பதினோராம் நிரைக்கு எதிரே என் கோணல் எழுத்து இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஐயாவின் எழுத்து: பேனா ஊசி இரண்டு, பீட்டருடையது.

மிச்சமிருந்த நாட்கள் முழுக்க எங்கள் தோட்டமே பீட்டருக்குக் காவல் நின்றது. கடைக்காரர் கச்சான் போத்தலைக் கூரைக்கு ஏற்றிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்ட வீடுகளில் எண்ணெய் டின்னை வாசலில் என்னிடம் கொண்டுவந்து காட்டி, மோந்து பாருங்க மிஸி, தேங்கா எண்ணெதான் என்று சத்தியம் செய்தார்கள். கோயில் ஐயர்கூட சுண்டலை மறைத்துவிட்டார், அது கச்சானே இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பேனா கொழும்பில் விசாரித்தும் உடனே கிடைக்கவில்லை. மயூரி நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு குப்பியும் ஊசியும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் புறப்படும் காலையில் வான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். புதுக் கண்ணாடி போட்ட வயசாளிகள் எல்லாரும் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஐயா பீட்டருக்குக் கை கொடுத்தார். மயூரி என்னைக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் சிவபாக்கியம் வந்தாள். முந்தின நாள்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தை, காதுக்குக் கீழே பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்ன வடு. கையில் தட்டு இல்லை, ஒன்றுமில்லை. பீட்டர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, மயூரி மொழிபெயர்த்துச் சொல்வதற்குக்கூட இடம் விடாமல், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல நேராக அவரிடமே சொன்னாள்.

"ரயில்ல கச்சான் விக்க வருவாங்க தம்பி. வாங்கித் தின்னுறாதீங்க. ஒங்க மருந்து எங்கிட்டல்ல இருக்கு."